எஞ்சின் ஆயில் டப்பாவில் எழுதிய எண்களும் எழுதாத எண்களும்

வீராணம் ஏரிப் பாசனம் பெறும் நிலம் மட்டும் சுமார் 45 ஆயிரம் ஏக்கர். வடவாற்றில் தண்ணீர் வந்து, ஏரி நிரம்பி, மதகு திறந்ததும் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், புவனகிரிப் பக்கங்களில் தொழி உழவு ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கி விடுகிறது. அந்த மூன்று நான்கு வாரத்தில் ஒரு பவர் டில்லர் பத்து நாள் பட்டறையில் கிடந்தால் நாற்று முற்றிப் போகும், நடவு தள்ளும், தள்ளி நட்ட பயிர் வேர் பிடிக்கு முன்பே ஐப்பசி, கார்த்திகை மழையில் மூழ்கும். உழவியல் சொல்லிக் கொடுப்பவன் எஞ்சின் ஆயிலைப் பற்றி எழுத வருவதற்கு இதுவே காரணம். விதை நேர்த்தியையும் அடியுரத்தையும் நாள் பார்த்துச் செய்துவிட்டு, எஞ்சின் பிடித்துக் கொண்டதால் பருவத்தை இழப்பது வேதனைக்குரியது.

பயிற்சி வகுப்புகளில் உழவர் பெருமக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் மூன்று. “20-40 நல்லதா, 15-40 நல்லதா?” என்பது ஒன்று. “கையில் தொட்டால் கெட்டியாக இருக்கும் ஆயில்தானே நல்ல ஆயில்?” என்பது மற்றொன்று. மூன்றாவது கேள்வியே முக்கியமானது. “இரண்டு டப்பாவிலும் ஒரே எண்தான் போட்டிருக்கிறது, ஒன்று லிட்டருக்கு நூறு ரூபாய் குறைவு, அதை ஏன் வாங்கக் கூடாது?” இம்மூன்றுக்கும் விடை காண, முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று அறிந்து கொள்ளல் வேண்டும்.

பாகுத்தன்மை

மாட்டு வண்டி இருந்த வீடுகளில் வண்டி மை செய்யும் வழக்கத்தை மூத்தவர்கள் அறிவார்கள். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் பூசுவார்கள். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ அதற்கு எடுத்துக் கொள்ளப்படவில்லை. காரணம், விளக்கெண்ணெய் எளிதில் வழிந்து ஓடாது. பாரம் ஏறினாலும் அச்சுக்கும் குடத்துக்கும் இடையில் நிற்கும். ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் இந்தத் தயக்கமே பாகுத்தன்மை எனப்படும். (இன்று நாம் கடையில் பார்க்கும் காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909-இல் வந்ததுதான். அந்நாளில் அந்த ஆயிலில் விளக்கெண்ணெய் சேர்க்கப்பட்டது.)

பாகுத்தன்மையை சென்டிஸ்டோக் என்ற அளவால் குறிப்பர். சாதாரண வெப்பத்தில் தண்ணீர் சுமார் 1 சென்டிஸ்டோக். 40 டிகிரி வெப்பத்தில் நல்லெண்ணெய் முப்பதுக்குச் சற்று மேல். விளக்கெண்ணெய் இருநூற்றைம்பது அளவில் இருக்கும். நாம் வாங்கும் 15-40 எஞ்சின் ஆயில் அதே 40 டிகிரியில் நூற்றுப் பத்து அளவில், அதாவது இவ்விரண்டுக்கும் நடுவில், நிற்கும்.

வெப்பம் கூடக் கூட எல்லா எண்ணெயும் இளகும் என்பதை மறக்கக் கூடாது. 40 டிகிரியில் 110 இருந்த ஆயில் 100 டிகிரியில் 14 அல்லது 15 ஆகி விடுகிறது. ஏழில் ஒரு பங்கு கூட மிஞ்சுவதில்லை. எஞ்சின் ஓடும் போது கிராங்க் பேரிங்கைக் காப்பாற்றுவது இந்தப் பதினாலுதானே தவிர, கடையில் விரலில் தொட்டுப் பார்த்த கெட்டித்தனம் அன்று. ஆகவே இரண்டு விரலுக்கிடையே ஆயிலைத் தேய்த்துப் பார்த்துத் தரம் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுதல் நலம். குளிரில் கெட்டியாகத் தோன்றும் ஆயில் சூட்டில் தண்ணீராகி விடலாம்; குளிரில் நீர்த்துத் தோன்றும் ஆயில் சூட்டில் நின்று தாங்கலாம்.

நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும் ஒரு ஆயில் எஞ்சின், எட்டு மணி நேரத்தில் ஏழு லட்சத்து இருபதாயிரம் முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரும்பும் இரும்பும் தொட்டுக் கொள்ளாமல் நடுவில் நிற்பது தலைமயிரைக் காட்டிலும் மெல்லிய ஒரு ஆயில் படலம். படலம் அறுந்தால் தேய்மானம். தொடர்ந்து அறுந்தால் பேரிங் உருகிப் பிடித்துக் கொள்ளும்.

எஸ்.ஏ.இ. எண்

டப்பாவில் பெரிய எழுத்தில் அச்சிட்டுள்ள 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 போன்ற எண்கள் எஸ்.ஏ.இ. தர எண்கள். அமெரிக்காவில் 1905-இல் தொடங்கிய மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கம் 1911-இல் ஆயில்களை இப்படி வகுக்கத் தொடங்கியது. பல முறை திருத்தப்பட்டு இன்று உலகெங்கும் அதுவே வழக்கில் உள்ளது.

பின்னால் வரும் எண், ஆயில் சூடான பிறகு உள்ள பாகுத்தன்மையைக் குறிக்கும். 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருந்தால் அது 30, 12.5 முதல் 16.3-க்குள் இருந்தால் 40, 16.3 முதல் 21.9-க்குள் இருந்தால் 50. நாற்பது என்பது நாற்பது சென்டிஸ்டோக் அன்று. அது வகுப்பின் பெயர், அவ்வளவே. நெல்லில் மோட்டா, சன்னம் என்று வகுப்பது போல.

இங்கே உழவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ஆயில் 12.6 இருந்தாலும் 40 தான்; 16.2 இருந்தாலும் 40 தான். இரண்டுக்கும் ஏறக்குறைய முப்பது சதவீத வேறுபாடு. டப்பாவைப் பார்த்து இந்த வேறுபாட்டை எவராலும் சொல்ல முடியாது. இதைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

முன்னால் உள்ள எண்ணும் டபிள்யூ எழுத்தும் குளிர்காலத்துக்கு உரியவை. டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலம் என்ற சொல்லின் முதலெழுத்து. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் உறைந்து புட்டியிலிருந்து விழ மறுப்பதைப் பார்க்கிறோம். அது போல் கடுங்குளிரில் ஆயில் இறுகி எஞ்சினைச் சுற்ற விடாமல் செய்கிறதா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. 20டபிள்யூ ஆயிலை உறைநிலைக்குக் கீழே 15 டிகிரியிலும், 15டபிள்யூ ஆயிலை உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் தை மாத விடியலில் கூட இருபது டிகிரிக்கு அருகில்தான் வெப்பம் இருக்கிறது. எனவே காஷ்மீரில் லாரி ஓட்டுபவருக்கு இந்த எண் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு நமக்கு இல்லை.

ஆகவே முதல் கேள்விக்கு விடை இது: சூடேறிய பிறகு 20-40, 15-40 இரண்டும் ஒரே வகுப்பு. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடம் 15-40 சற்று விரைவாக மேலே ஏறி ராக்கரை அடையும். தேய்மானத்தில் அதற்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் டபிள்யூவுக்கு முன் உள்ள எண் குறைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இங்கே கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கூடுதல் விலைக்கு வேறு காரணம் இருக்கலாம். அது டப்பாவில் சிறிய எழுத்தில் இருக்கும்.

இறைவைக்குப் பயன்படும் பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றுக்கு டபிள்யூ இல்லாத தனித்தர ஆயில், அதாவது வெறும் 30 அல்லது 40, கையேட்டில் சொல்லப்பட்டிருக்கும். அதை ஊற்றுவதில் எந்தக் குறையும் இல்லை. தனித்தர ஆயிலில் பாகுத்தன்மை கூட்டும் சேர்மானம் பொதுவாக இருப்பதில்லை. ஆகவே அது ஓட்டத்தில் நறுக்குண்டு நீர்த்துப் போகும் அச்சமும் குறைவு.

வேறு எண், வேறு கணக்கு

கியர் பெட்டிக்கு வாங்கும் 90 ஆயில், எஞ்சினுக்கு வாங்கும் 40-ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கியர் ஆயிலுக்கு எண் வரிசையே வேறு. கியர் 90 என்பது 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக், எஞ்சின் 40-க்கும் 50-க்கும் ஏறக்குறைய சமம். ஹைட்ராலிக் ஆயிலில் போடும் 68 என்ற எண்ணோ 40 டிகிரியில் நேரடியாக 68 சென்டிஸ்டோக். எஞ்சின் கணக்கில் பார்த்தால் அது 20-க்குப் பக்கத்தில்தான் வரும். மூன்றும் மூன்று அளவுகோல். “68 இருக்கிறது, 40-ஐ விடக் கெட்டி” என்று ஹைட்ராலிக் ஆயிலை எஞ்சினில் ஊற்றினால் அது தாங்காது. பாகுத்தன்மை போதாது, கரியைத் தாங்கும் மருந்தும் அதில் இல்லை.

சிறிய எழுத்தில் உள்ள தரம்

எஸ்.ஏ.இ. எண் ஆயிலின் ஓட்டத்தை மட்டும் சொல்லும். ஆயில் எஞ்சினைத் துலக்குமா, அமிலத்தை முறிக்குமா, கரியைக் கட்டியாக விடாமல் தாங்குமா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது ஏ.பி.ஐ. தரம். அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம் வகுத்தது. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு. சி என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. டீசல் வரிசையில் சி.டி. 1955-இல் வந்தது, சி.எப்-4 1990-இல், சி.எச்-4 1998-இல், சி.ஐ-4 2002-இல், சி.ஜே-4 2006-இல், சி.கே-4 2016-இல். இரண்டாவது எழுத்து முன்னேற முன்னேறச் சோதனை கடுமையாகிறது. சி.எப்-4-ம் அதற்கு முந்தையவையும் அமெரிக்காவில் காலாவதியானவை என்று ஒதுக்கப்பட்டு விட்டன. நம் கடைகளில் சி.எப்-4 இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய எஞ்சினுக்குக் கையேடு அதைத்தான் சொல்கிறது என்றால் தாராளமாக ஊற்றலாம். புதிய எஞ்சினுக்கு ஊற்றலாகாது.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம்-4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அத்தகைய டிராக்டர் சிலவற்றில் புகைக் குழாயில் கரி வடிகட்டி உண்டு. சாம்பல் மிகுந்த ஆயில் அந்த வடிகட்டியை அடைத்து விடும். அவற்றுக்கு சி.ஜே-4 அல்லது சி.கே-4 எனக் கையேட்டில் உள்ள தரமே வேண்டும். விலையைப் பார்க்கக் கூடாது.

மூன்றாவது கேள்விக்கு இப்போது பாதி விடை கிடைத்து விட்டது. இரண்டு டப்பாவிலும் 20-40 என்றிருக்கலாம், ஒன்றில் சி.எப்-4, மற்றதில் சி.ஐ-4 பிளஸ் என்று கீழே இருக்கும். எண் ஒன்று, சரக்கு வேறு. இந்த வரியே இல்லாத டப்பாவும் சந்தையில் உண்டு. “கனரகப் பணிக்கு”, “அதிக மைலேஜ்”, “சூப்பர்” என்று முன்பக்கம் முழுவதும் எழுதி, ஏ.பி.ஐ. தரம் எங்கும் இல்லாத டப்பாவை நான் தொடுவதில்லை.

டப்பா சொல்லாதவை

உரப் பையில் தழை, மணி, சாம்பல் சத்து இத்தனை சதவீதம் என்று எண்ணாக அச்சிடுகிறார்கள். விதைப் பையின் சீட்டில் முளைப்புத் திறன் எத்தனை சதவீதம் என்று உள்ளது. எஞ்சின் ஆயில் டப்பாவில் அவ்வாறு இல்லை. 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி உற்பத்தியாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம் ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் செய்ய வேண்டிய தொடர்பு ஆகியவை இருந்தாக வேண்டும். 100 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் என்று சொல்லும்படி அந்த விதிகள் கேட்பதில்லை. எஞ்சின் ஆயிலுக்கு ஐ.எஸ். 13656 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருந்தும், உழவர் கையில் வரும் டப்பாவில் எண்கள் வருவதில்லை.

அந்த எண்கள் எங்கே இருக்கின்றன? பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு ஆயிலுக்கும் ஒரு தகவல் தாள் வெளியிடுகின்றன. இணையத்தில் ஆயிலின் பெயரைப் போட்டால் கிடைக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் நாம் பார்க்க வேண்டியவை: 100 டிகிரியிலும் 40 டிகிரியிலும் பாகுத்தன்மை, பாகுக் குறியெண், தீப்பற்று நிலை, மொத்த கார எண். பாகுக் குறியெண் உயர உயர, ஆயில் வெப்பத்தால் குறைவாகவே இளகும் என்று பொருள். தனித்தர ஆயிலுக்கு அது நூறை ஒட்டி இருக்கும். நல்ல 15-40-க்கு நூற்று முப்பதுக்கு மேலும் போகும். கார எண் என்பது அமிலத்தை முறிக்கும் கையிருப்பு. 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாது என்றான பிறகு, இந்த எண் முன்போல் மிக உயர்ந்திருக்க வேண்டிய கட்டாயம் குறைந்து விட்டது.

தாளைப் படிக்கும் போது சொற்களைக் கவனித்துப் படிக்க வேண்டும். “வழக்கமான மதிப்புகள்” என்று தலைப்பிட்டிருப்பார்கள். அது உறுதிமொழி அன்று. “100 டிகிரியில் 14.5” என்று தாளில் இருந்தாலும், நாம் வாங்கிய டப்பாவில் 13 இருந்தால் நிறுவனம் பொய் சொன்னதாகாது, 12.5-க்குக் கீழே போனால்தான் தவறு. சில நிறுவனங்கள் எண்ணுக்குப் பதிலாக “12.5 - 16.3” என்று வகுப்பின் எல்லையையே எழுதி விடுகின்றன. அதைப் படிப்பவருக்கு எந்தப் புதுச் செய்தியும் கிடைப்பதில்லை.

அதைவிட நுட்பமானது ஏ.பி.ஐ. தரத்தைச் சொல்லும் விதம். “ஏ.பி.ஐ. உரிமம் பெற்றது” என்பது வேறு, “ஏ.பி.ஐ. தரத்தை நிறைவு செய்கிறது” என்பது வேறு, “ஏ.பி.ஐ. தரம் கேட்கும் எஞ்சின்களுக்கு ஏற்றது” என்பது அதனினும் வேறு. முதலாவதில் நிறுவனம் கட்டணம் கட்டி, உரிமம் பெற்று, வட்ட முத்திரை இட்டிருக்கும். வட்டத்தின் மேல்பாதியில் சி.ஐ-4 போன்ற தரமும் நடுவில் எஸ்.ஏ.இ. எண்ணும் இருக்கும். உரிமம் பெற்றோர் பட்டியலை அந்நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எவரும் சரி பார்க்கலாம். இரண்டாவது, தயாரிப்பாளரின் சொந்த வாக்கு. மூன்றாவது, தயாரிப்பாளரின் அபிப்பிராயம். இந்தியாவில் நேர்மையான பல நிறுவனங்கள் உரிமம் வாங்காமலேயே நல்ல ஆயில் தயாரிக்கின்றன என்பதும் உண்மை. ஆகவே முத்திரை இல்லாததெல்லாம் கலப்படம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் முத்திரை இல்லாத இடத்தில் தகவல் தாளாவது முழுமையாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவரிடம் நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

டப்பாவில் சொன்னது உண்மையாகவே இருந்தும் வாங்கியவர் ஏமாந்த கதை அமெரிக்காவில் நடந்துள்ளது. டாலர் ஜெனரல் என்ற மலிவு விலைக் கடை நிறுவனம் தன் சொந்தப் பெயரில் ஆயில் விற்றது. அதில் ஒரு வகை, 1930-க்குப் பின் செய்த பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஏற்றதல்ல என்று ஒதுக்கப்பட்ட எஸ்.ஏ. தரம், மற்றொன்று, 1988-க்குப் பின் வந்த வண்டிகளுக்கு ஆகாத எஸ்.எப். தரம். அந்த எச்சரிக்கை டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கத்தான் செய்தது. முன்பக்கத்திலோ எஸ்.ஏ.இ. எண் பெரிதாக இருந்தது. அலமாரியில் பக்கத்திலேயே நல்ல ஆயில்களும் இருந்தன. 2015 முதல் பல மாநிலங்களில் வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். வழக்குகள் ஒன்றாக்கப்பட்டு, இறுதியில் சமரசத்தில் முடிந்தன. படித்தவர் மிகுந்த நாட்டிலேயே பின்பக்கத்தைப் படிக்க ஆளில்லை.

“சிந்தெட்டிக்” என்ற சொல்லுக்கும் ஒரு வழக்கு உண்டு. எந்த மூல எண்ணெயில் செய்ததை அப்படி அழைக்கலாம் என்று மொபில் நிறுவனம் காஸ்ட்ரால் மீது விளம்பரத் தரக் குழு ஒன்றில் முறையிட்டது. பெட்ரோலியத்திலிருந்தே உயர்முறையில் சுத்திகரித்த எண்ணெயையும் அப்படி அழைக்கலாம் என்று 1999-இல் முடிவாயிற்று. அன்று முதல் அந்தச் சொல், ஆயில் எதனால் ஆனது என்பதற்கு அடையாளமாக இல்லை. நம் ஆயில் எஞ்சினுக்கும் டில்லருக்கும் அது தேவையுமில்லை.

இன்னொன்று, எந்த டப்பாவிலும் காணக் கிடைக்காதது. பலதர ஆயிலில் பாகுத்தன்மையைக் கூட்ட நீண்ட இழை போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். எஞ்சினுக்குள் பல் சக்கரங்களுக்கும் பேரிங்குக்கும் இடையில் அந்த இழை நறுக்குண்டு போகிறது. மட்டமான இழை சேர்த்த 20-40 சில நாள் உழவிலேயே 30-ஆகி விடும். வாங்கும் போது எண் சரியாக இருந்தது; ஓடும் போது இல்லை. இதற்காகவே சி.ஐ-4 பிளஸ் முதலான தரங்களில் ஆயிலை ஊசித் துளை வழியே 90 முறை அழுத்தி ஓட்டி, அதன் பிறகும் அது தன் வகுப்புக்குள் நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். பாகுத்தன்மை எண்ணை மட்டும் பார்க்காமல் ஏ.பி.ஐ. தரத்தையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கடையில்

சில்லறையாக அளந்து ஊற்றும் ஆயிலை வாங்கலாகாது. பழைய ஆயிலை வடிகட்டி, நிறம் தெளிய வைத்து மீண்டும் விற்கும் தொழில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. மசகெண்ணெய்த் தயாரிப்பையும் விநியோகத்தையும் முறைப்படுத்த மத்திய அரசு 1987-இல் தனி ஆணையே பிறப்பிக்க வேண்டி வந்தது. முறையான ஆலையில் மறுசுத்திகரிப்புச் செய்த ஆயில் கெட்டதன்று. கொட்டகையில் துணியால் வடிகட்டிய ஆயில் எஞ்சினுக்கு எமன்.

கணக்குப் பாருங்கள். எஞ்சினுக்கு மூன்றரை லிட்டர் பிடிக்கிறது என்றும், லிட்டருக்கு 100 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்றும் கொண்டால் மிச்சம் 350 ரூபாய். பேரிங், ரிங், லைனர் மாற்றி, கூலி கொடுத்து, வண்டி வைத்துப் பட்டறைக்கு ஏற்றி இறக்குவது பல ஆயிரம். அந்த நாட்களில் வாடகை டிராக்டருக்குக் கொடுத்தது தனி. பெரும்பாலும் அது நகையை அடகு வைத்து வந்த பணமாகவே இருக்கிறது.

டப்பாவின் மூடி வளையம் அறுபடாமல் இருக்கிறதா, உள்ளே தகட்டு முத்திரை இருக்கிறதா, தயாரிப்புத் தொகுதி எண் டப்பாவில் அழியாமல் அச்சாகி இருக்கிறதா என்று பார்த்து, ரசீதுடன் வாங்க வேண்டும். ரசீதில் ஆயிலின் பெயரும் தரமும் இருக்கட்டும். வெறும் “ஆயில் - 1” என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். காலி டப்பாவைப் பழைய பொருள் வாங்குபவரிடம் போடுமுன் ஆணியால் இரண்டு துளை போட்டு விடுங்கள். நல்ல டப்பாவில் கெட்ட ஆயில் நிரம்பித் திரும்பி வருவதை அது தடுக்கும்.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே செய்யக் கூடிய சிறு சோதனை ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி மருந்துப் புட்டிகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் நம்பிக்கையான இடத்தில் வாங்கிய ஆயில்; மற்றதில் சந்தேகமான ஆயில். இரண்டும் ஒரே எஸ்.ஏ.இ. எண்ணாக இருப்பது கட்டாயம். கழுத்துக்குக் கீழே ஒரு விரற்கடை காலி விட்டு மூடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய, கை பொறுக்காத சூடுள்ள தண்ணீரில் இரண்டையும் கால் மணி நேரம் வைத்து, துணியால் பிடித்து ஒரே நேரத்தில் தலைகீழாகக் கவிழ்த்தால், உள்ளே உள்ள காற்றுக் குமிழ் மேலே ஏறும். சிறு வேறுபாடு பொருட்டல்ல. ஒரே வகுப்புக்குள்ளேயே முப்பது சதவீதம் வரை வேறுபாடு இருக்கலாம் என்று முன்பே கண்டோம். ஒன்றின் குமிழ் மற்றதன் பாதி நேரத்திலேயே ஏறி விட்டால் அந்த ஆயிலை எஞ்சினில் ஊற்ற வேண்டாம். இந்தச் சோதனை பாகுத்தன்மையை மட்டுமே காட்டும். மருந்துச் சேர்மானம் இருக்கிறதா என்பதைக் காட்டாது.

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் மீதி ஆயிலையும் டப்பாவையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளின் தரத்தையும் அளவையும் விலையையும் அறியும் உரிமை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. தகவல் தாள் கேட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புவதும் பயனுள்ளது. உழவர் மன்றமோ உற்பத்தியாளர் நிறுவனமோ சேர்ந்து பத்து இருபது பேருக்கு ஆயில் வாங்கும் இடங்களில், தாள் தராத நிறுவனத்திடம் வாங்குவதில்லை என்று முடிவு செய்தால் தாள் தானே வரும்.

எஞ்சினுக்குள் போன பிறகு

நல்ல ஆயிலும் எஞ்சினில் கெடும். டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பது கெட்டதன் அடையாளம் அன்று. கரியைத் தன்னுள் தாங்குகிறது என்பதன் அடையாளம். அளவுக் கம்பியில் மட்டம் குறைந்தால் எரிகிறது அல்லது ஒழுகுகிறது. மட்டம் ஏறினால் அதைவிட ஆபத்து: இன்ஜெக்டரோ பம்போ கசிந்து டீசல் ஆயிலில் கலக்கிறது. டீசல் கலந்த 40 வெகு விரைவில் 20 ஆகி விடும். அந்த நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த ஆயில் ஊற்றினாலும் வீண். கசிவை அடைத்து விட்டே ஆயில் மாற்ற வேண்டும்.

நம் மாவட்டத்துக்கே உரிய தொல்லை தண்ணீர். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்த பின்பும், 2015 பெருமழையிலும், வயலிலும் கொட்டகையிலும் இருந்த எஞ்சின்கள் நீரில் நின்றன. மின்கம்பங்கள் சாய்ந்த ஊர்களில், வடிந்ததும் முதல் வேலையாக எஞ்சினை ஓட்டித் தண்ணீர் இறைக்கவே எவருக்கும் தோன்றும். ஓட்டுமுன் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்து விட்டது. ஐயமிருந்தால் பழைய தகரம் ஒன்றை வெளியில் வைத்துச் சூடேற்றி ஒரு சொட்டு விடுங்கள். கடுகு போல் வெடித்தால் தண்ணீர். அந்த ஆயிலில் ஐந்து நிமிடம் கூட ஓட்டக் கூடாது. முழுவதும் வடித்து, வடிகட்டியை மாற்றி, மலிவான அதே தர ஆயில் ஊற்றிச் சில நிமிடம் பாரமில்லாமல் ஓட்டி, மீண்டும் வடித்து, பிறகே நல்ல ஆயில் ஊற்ற வேண்டும்.

ஆயில் குடிக்கும் பழைய எஞ்சினுக்கு 20-50 ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கையேடு தடுக்கவில்லை என்றால் ஒரு போகம் சமாளிக்கலாம். ரிங் தேய்ந்ததற்கு அது மருந்தாகாது. ஆயில் மாற்றும் காலத்தை மாதக் கணக்கில் வைக்காமல், ஓடிய மணிக் கணக்கில் வையுங்கள். டில்லர் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் அன்றன்று ஓடிய மணியைக் குறித்து வருவது போதும். தொழியில் நாள் முழுதும் பாரத்தோடு ஓடும் எஞ்சினுக்குக் கையேட்டில் சொன்ன மணிக்குச் சற்று முன்பே மாற்றி விடுதல் நல்லது.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ ஊற்றக் கூடாது. கம்பத்தில் கரையானுக்குப் பூசுவதும் வேண்டாம். பழைய ஆயில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு வழி செய்யும் பொறுப்பு 2024 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர்கள் மேல் சுமத்தப்பட்டுள்ளது. மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். புதிய ஆயில் வாங்கும் கடையிலேயே “பழையதை எங்கே கொடுப்பது?” என்று கேட்டு வையுங்கள்.